பிறப்பின் பேரால் ஒரு பழி

நம்மவர் வீட்டில் ஒரு குழந்தை முதுகெலும்பு மூடாமலோ, மண்டையோடு சரிவர அமையாமலோ பிறந்துவிட்டால், அக்குழந்தையின் முகத்தை நன்றாகப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. "இது யார் பக்கத்துக் குறை?" என்பதே அக்கேள்வி. கேள்வி பொதுவாகக் கேட்கப்படுவதுபோல் தோன்றினும், அதற்குரிய விடை முன்னமே தயாராக இருக்கிறது. மாமியார் வீட்டார் மருமகளின் தாய்வீட்டைச் சுட்டுவர். தாய்வீட்டார் தலைகுனிந்து நிற்பர். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பார் ஒருவர், முன்பிறவிப் பாவம் என்பார் மற்றொருவர், "அவள் சின்னம்மாவுக்கும் இப்படித்தான் ஒன்று பிறந்து செத்தது, அந்த இரத்தமே அப்படி" என்று முடித்துவைப்பார் மூன்றாமவர். பெற்றவளோ பேறுகால வலி தீர்வதற்குள் இப்பழியையும் சுமக்கத் தொடங்குகிறாள்.

கிரகணக் கதையை இன்று படித்தவர்கள் நம்புவதில்லை. அம்மட்டில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், பழைய கதை போன இடத்திற்குப் புதிய சொல்லொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அது 'மரபணு' என்னும் சொல். எச்சிலைக் குப்பியில் எடுத்து அனுப்பினால் பிறவிக் குறைகளை எழுதியனுப்பும் வியாபாரம் இப்போது பட்டணங்களில் பரவியிருக்கிறது. அவ்வாறு வரும் தாள்களில் அடிக்கடி காணப்படும் பெயர்களில் ஒன்று எம்.டி.எச்.எஃப்.ஆர். என்னும் மரபணு. உடல் ஃபோலேட் என்ற ஊட்டப்பொருளைக் கையாளும் முறையோடு அது தொடர்புடையது. அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, குறை அவள் பக்கத்தில்தான் என்று சாஸ்திரமே சொல்லிவிட்டது" என்று பேசுவோர் உண்டு. முன்பு சோதிடர் சொன்னதை இன்று சோதனைச்சாலை சொல்வதாக அவர்கள் எண்ணுகின்றனர்.

சோதனைச்சாலை உண்மையில் என்ன சொல்கிறது? ஒருவர் பிறப்பிலேயே ஒரு வேறுபாட்டைக் கொண்டிருந்தால், அதனால் வரும் தீங்கிற்கு யார் பொறுப்பாளி? இவ்விரண்டையும் நாம் இங்கே ஆராய விரும்புகின்றோம். பிறப்பின் பேரால் மக்களை உயர்வு தாழ்வு செய்து பழகிய ஒரு சமூகத்திற்கு இவ்வாராய்ச்சி மிகவும் அவசியமானது என்பது நம் கருத்து.

முதலில் விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்வோம். ஃபோலேட் என்பது பி வைட்டமின் வகையைச் சேர்ந்தது. 1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் டன் கணக்கில் பசலைவகைக் கீரையைப் பிழிந்து அதைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலைக்குரிய சொல்லையொட்டி அதற்குப் பெயரிட்டனர். நம் மொழியில் சொன்னால் அது இலைச்சத்து. கீரைகளிலும், பாசிப்பயறு, உளுந்து, கடலை முதலிய பருப்பு வகைகளிலும், ஈரலிலும் அது உண்டு. உடலில் புதிய உயிரணுக்கள் உண்டாவதற்கு அது இன்றியமையாதது. ஆகவேதான் இரத்தம் ஊறுவதற்கும், கருவிலுள்ள சிசு வளர்வதற்கும் அது மிகுதியாகத் தேவைப்படுகிறது.

உண்ட ஃபோலேட்டை உடல் உடனே எல்லா வேலைக்கும் பயன்படுத்த முடியாது. அதை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்றும் நொதிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றைச் செய்வதற்குரிய கட்டளை நாம் மேலே குறித்த மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. அக்கட்டளையின் 677ஆம் இடத்தில் சிலருக்கு ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்பது 1995ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கனடாவின் மான்ட்ரியால் நகரில் ரீமா ரோசன் என்னும் அம்மையாரின் குழுவினர் இதை வெளியிட்டனர். இம்மாற்றம் உள்ளவரின் நொதி சற்றுத் தளர்ந்தது. சூட்டில் எளிதில் செயலிழப்பது. தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியுமாக இரண்டிலும் மாற்றம் பெற்றவரிடத்தில் அந்நொதியின் வேகம், சோதனைச்சாலையில் அளந்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து காணப்படுகிறது.

இதைக் கேட்டவுடன் சிலர் திடுக்கிடுவர். ஆனால் இது ஒரு நோயன்று. மனித குலத்தில் வெகு பரவலாகவுள்ள ஒரு வேறுபாடு. வட சீனத்திலும் தெற்கு இத்தாலியிலும் மெக்சிகோவிலும் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர்வரை இரண்டு படிகளிலும் இம்மாற்றத்தைக் கொண்டிருக்கின்றனர். நம் தென்னாட்டு மக்களிடத்தில் அத்தகையோர் மிகவும் குறைவு. தென்னாசியரிடத்தில் மிகுதியாகக் காணப்படுவது 1298ஆம் இடத்திலுள்ள மற்றொரு மாற்றமாகும். அது தனித்து நின்று இரத்தத்திலுள்ள ஃபோலேட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை. எனவே, சோதனைத் தாளில் 'மாற்றம் உண்டு' என்ற இரண்டு சொற்களைக் கண்ட மாத்திரத்தில் ஒரு பெண்ணைக் குறையுடையவள் என்று முடிவு கட்டுவது அறியாமையே ஆகும்.

இன்னும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 677ஆம் இடத்து மாற்றத்தை இரண்டு படிகளிலும் உடையவருக்குங்கூட, போதிய ஃபோலிக் அமிலம் கிடைத்தால், இரத்தத்திலுள்ள ஃபோலேட் மற்றவரைவிட நூற்றுக்கு 16 பங்கு அளவே குறைந்திருக்கிறது. நொதி மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் நடக்க, இரத்தத்தில் குறைவு இவ்வளவு சிறிதாயிருப்பது எப்படி? அதற்கு விடை அந்நொதியின் அமைப்பிலேயே இருக்கிறது. பால் வெட்டும் கத்தியைத் தோட்டத்து மக்கள் நன்கு அறிவார்கள். பிடி தளர்ந்த கத்தியில் அலகு ஆடும். வெட்டு நடுவே கழன்று விழும். ஒரு சிறு ஆப்பை இறுக்கி அடித்துவிட்டால் அதே கத்தி வேலை செய்யும். இந்நொதி தன் வேலைக்கு உதவும் பி2 வைட்டமின் சார்ந்த ஒரு துணைப்பொருளைத் தளர்வாகப் பிடித்திருக்கிறது. அது கழன்றால் நொதி ஓய்ந்துவிடுகிறது. ஃபோலேட் போதிய அளவு சூழ்ந்திருந்தால் அது கழல்வது குறைகிறது. அஃதாவது, எந்தப் பொருளைக் கையாள்வதில் இவ்வுடல் தளர்ந்ததோ, அந்தப் பொருளையே போதுமளவு கொடுத்தால் தளர்ச்சி பெரும்பாலும் மறைகிறது.

பிறப்பில் வந்தது மாறாது என்பது நம்மவரின் பழைய நம்பிக்கை. எழுத்து மாறாது என்பது மெய்தான். ஆனால் எழுத்தின் விளைவு சோற்றுத்தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது என்பதே இந்த மரபணு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இப்பாடம் மலாயா நாட்டிற்குப் புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன் இந்நாட்டுச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். தமிழ்த் தொழிலாளரை அது அரிதாகவே அணுகியது. ஒரே வெயில், ஒரே மழை, ஒரே கொசு. ஓரினம் சாகிறது, மற்றோரினம் பிழைக்கிறது. இரத்தத்தின் குணம் என்று சொல்லிவிட்டுப் போவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறென்ன வேண்டும்? ஆனால் வேறுபாடு இரத்தத்தில் இல்லை, பானையில் இருந்தது. சீனர் உண்டது தீட்டிய வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. டாக்டர் பிராடன் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அரிசியே காரணம் என்று வாதித்தார். அதற்குச் சற்று முன்பு டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பகுதியார்க்கு வெள்ளையரிசியும் மற்றொரு பகுதியார்க்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்தார். வெள்ளையரிசி உண்டவர்களிடையேதான் நோய் பரவியது. மறுக்க வாயற்ற மனநோயாளிகளைக்கொண்டு இச்சோதனை நடந்தது என்பது வருந்தத்தக்கது. எனினும் உண்மை வெளிப்பட்டது. அன்று தமிழன் பிழைத்தது குலத்தின் சிறப்பால் அன்று. அவன் பாட்டி நெல்லைப் புழுக்கக் கற்றிருந்த பழக்கத்தால். தமக்குச் சாதகமாயிருந்தபோது குலப்பெருமை பேசாத நாம், பாதகமானபோது மட்டும் ஒரு பெண்ணின் குலத்தைத் தேடிப் போவது எந்த நியாயம்?

ஃபோலேட்டின் சரித்திரமும் இதே பாடத்தையே சொல்கிறது. அச்சரித்திரம் நம் தாய்நாட்டு ஏழைப் பெண்களின் உடலில் தொடங்கியது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928ஆம் ஆண்டு பம்பாய் சேர்ந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் கொடிய சோகையால் வெளுத்து வீங்கி மாண்டுகொண்டிருந்தனர். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துக் காணும். இதிலோ அவை அளவுக்கு மீறிப் பெருத்துக் காணப்பட்டன. கிருமி காரணமா என்று தேடினார், காணவில்லை. பின்னர் அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். காயும் கீரையும் பாலும் இல்லாத வறிய உணவு எங்கிருந்ததோ அங்கே நோயும் இருந்தது. குன்னூரிலும், 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையிலும் அவர் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தபோது நோயாளிகள் வியக்கத்தக்க விரைவில் தேறினர். அச்சாற்றிலிருந்த பெயரறியாப் பொருளே பின்னர் ஃபோலேட் என்று அறியப்பட்டது.

சென்னையில் அவர் வேலை செய்த ஆஸ்பத்திரியின் பெயரை வாசகர்கள் கவனிக்கவேண்டும். 'ஜாதிப் பெண்கள், கோஷாப் பெண்கள் ஆஸ்பத்திரி' என்பது அதன் அந்நாளைய பெயர். மேல்ஜாதியார் என்று சொல்லிக்கொண்டோரின் பெண்களும், முகத்திரையிட்ட பெண்களும் மற்றவரோடு கலவாமல் வைத்தியம் பெறுவதற்காக 1885ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அது. திருவல்லிக்கேணியில் இன்றும் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி என்ற பெயரோடு நடைபெறுகிறது. வாசலில் பிறப்பின் பெயரெழுதி வைத்த ஓர் ஆஸ்பத்திரியில், பிறப்பைப் பாராமல் தட்டைப் பார்க்கவேண்டும் என்பதற்குரிய ஆராய்ச்சி நடந்தது. அந்நோய் எந்த ஜாதிப் பெயரையும் கேட்டு வந்ததில்லை. ஈஸ்ட் சாறும் எந்த ஜாதிப் பெயரையும் கேட்டுக் குணப்படுத்தியதில்லை.

அப்பொருளைச் செயற்கை முறையில் செய்து உலகிற்குக் கிடைக்கச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் நம் பக்கத்து மனிதரே. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய சகோதரர்கள் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு இளமையிலேயே பலியாயினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் அங்கி அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப்பட்டம் பெறாமல் வெளிவந்தார். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். லெடர்லே ஆராய்ச்சிச் சாலையில் அவர் தலைமையில் பணியாற்றிய குழுவினர் 1945ஆம் ஆண்டு ஃபோலிக் அமிலத்தைச் செய்து முடித்தனர். ஸ்ப்ரூ நோய்க்கே அது மருந்தாயிற்று. சகோதரர்கள் நோயால் மாண்டதைக் குடும்பத்தின் தலையெழுத்து என்று அவர் விட்டிருந்தால், இன்று உலகெங்கும் கர்ப்பிணிகள் உண்ணும் அச்சிறு மாத்திரைக்கு வேறு யாரேனும் வரும்வரை காத்திருக்க நேர்ந்திருக்கும்.

நிற்க. இனிக் கருவறைக்கு வருவோம். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் முதலில் ஒரு தகடுபோல் தோன்றி, பின்னர் சுருண்டு குழாயாக மூடுகின்றன. கருத்தரித்த 28 நாட்களுக்குள் இம்மூடல் முடிந்துவிடுகிறது. அதற்குள் மூடாதது பின்னர் மூடுவதில்லை. கீழே மூடாவிடில் முதுகெலும்புக் குறை. மேலே மூடாவிடில் மண்டையோடும் மூளையும் அமையாத குறை. இவ்வேலை நடக்கும்போது தாயின் உடலில் போதிய ஃபோலேட் இருந்தால் இக்குறை வெகுவாகக் குறைகிறது. இது ஊகமன்று. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 7 நாடுகளில் 33 இடங்களில் நடத்திய சோதனையில், முன்னர் இக்குறையுள்ள குழந்தை பெற்ற பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, மறுபடியும் அக்குறை வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் சிலருக்கு அதைக் கொடாமல் வைத்திருப்பது தகாது என்று 1991ஆம் ஆண்டு சோதனையை இடையிலேயே நிறுத்தினர்.

இங்கேதான் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி கூர்மையடைகிறது. 28 நாள் என்பது என்ன? மாதவிலக்கு தள்ளிப்போய், 'ஒருவேளை இருக்குமோ' என்று பெண் ஐயுறத் தொடங்கும் காலம் ஏறக்குறைய அதுவே. நம் குருண் வட்டாரத்துப் பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்வோம். அவள் கர்ப்பம் என்று அறிந்து, மாமியாரிடம் சொல்லி, கணவனுக்கு விடுமுறை வாய்த்து, அரசாங்கக் கிளினிக்கிற்குப் போய், அங்கே கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை வாங்கி வீடு திரும்புவதற்குள் இரண்டு மூன்று மாதங்கள் ஆகிவிடலாம். அம்மாத்திரை அவள் இரத்தத்திற்கு நன்மை செய்யும். ஆனால் அக்குழாய் மூடும் காலம் போய்விட்டது. தான் தாயாகப் போவதை அறியாத காலத்தில் நடந்த ஒன்றுக்கு ஒருத்தியைப் பொறுப்பாக்குவதைவிடப் பெரிய அநீதி உண்டோ?

மரபணுவின் பேரால் பழி சுமத்துவோருக்கும் கணக்கொன்று சொல்வோம். ஒரு பெண் இரண்டு படிகளிலும் மாற்றத்தை உடையவள் என்றால், ஒன்றை அவள் தாய் கொடுத்தாள், மற்றொன்றை அவள் தந்தை கொடுத்தார். ஆகவே 'தாய்வழி இரத்தம்' என்ற பேச்சே பொய். அவள் பெற்ற குழந்தையின் மரபணுவில் பாதி கணவனுடையது. அவன் வீட்டாரும் அதில் பங்காளிகளே. இம்மாற்றம் குழந்தைக்குக் குறை வரும் வாய்ப்பை ஓரளவே கூட்டுகிறது. இம்மாற்றத்தை உடைய தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளையே பெறுகின்றனர். மாற்றமில்லாத தாய்மாருக்கும் இக்குறையோடு குழந்தை பிறப்பதுண்டு. ஒரு காரணத்தைப் பல காரணங்களினின்று பிரித்தெடுத்து ஒருத்தியின் தலையில் கட்டுவது விஞ்ஞானமாகாது.

"அப்படியானால் உணவுதானே காரணம்? கீரை தின்னாதது அவள் குற்றமல்லவா?" என்று இன்னொரு வகையினர் கேட்பர். இவர்கள் பழியை இரத்தத்திலிருந்து இறக்கி வாயில் வைக்கின்றனர். பழி சுமப்பவள் மாத்திரம் மாறவில்லை. நம் வீடுகளில் கடைசியாக உண்பவர் யார்? கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் குழம்பிலுள்ள காயை அள்ளிப் போட்டபின், சட்டியை வழித்துச் சோற்றில் பிசைந்து உண்பவள் யார்? விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகும் பெண், கீரையை ஆய்ந்து பக்குவமாய்ச் சமைக்க எந்த நேரத்தைக் கண்டாள்? கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் ஃபோலேட்டின் பெரும்பகுதி அந்நீரோடும் சூட்டோடும் போய்விடுகிறது என்பதை அவளுக்கு யார் சொன்னார்கள்? அறிவும் ஓய்வும் கூலியும் கொடாத சமூகம், அவற்றின் இல்லாமையை அவளுடைய குணக்கேடாக எழுதிவைக்கிறது.

கூலி எங்கே போயிற்று என்பதையும் கேட்கவேண்டும். மது மிகுந்தால் குடல் ஃபோலேட்டை ஏற்பது குறைகிறது. ஈரல் அதைச் சேமிப்பதும் கெடுகிறது. குடிப்பவனின் உடலுக்கு இக்கேடு. குடிக்காத மனைவிக்கோ, காய்கறிக்குரிய காசு போன கேடு. இவ்வட்டாரத்தார் இதை மறக்கலாகாது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவின் ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக்கொண்டு ஏ. எம். சாமி நடத்திய தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது. கள்ளிலும் ஊட்டமுண்டு என்று அந்நாளில் வாதித்தவர்கள் இருந்தனர். அத்தொண்டர்கள் வைட்டமின் நூல்களைப் படித்தவர்கள் அல்லர். கள்ளுக்கடைக்குப் போகும் காசு பிள்ளையின் தட்டிலிருந்து போகிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள். ஒரு பெண்ணின் நலம் அவள் ஒருத்தியின் கையில் இல்லை, ஊரின் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஊரும் அரசும் பொறுப்பேற்றால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு முதல் ஊட்டமேற்றிய மாவு வகைகளில் ஃபோலிக் அமிலம் சேர்க்கவேண்டும் என்பது சட்டமாயிற்று. 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் என்பது அளவு. அதன்பின் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,300 குழந்தைகள் இக்குறையின்றிப் பிறக்கின்றனர் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையத்தார் கணக்கிட்டிருக்கின்றனர். அத்தாய்மாரில் எவரும் எச்சிலைச் சோதனைக்கு அனுப்பவில்லை. எவருடைய குலமும் விசாரிக்கப்படவில்லை. தளர்ந்த நொதி உடையவளுக்கும் உறுதியான நொதி உடையவளுக்கும் ஒரே ரொட்டி கிடைத்தது. சமத்துவம் என்பது மேடைப் பேச்சில் மட்டும் இருப்பதன்று. மாவிலும் கலக்கக்கூடியது என்பதை இது காட்டுகிறது.

இனி, சோதனைத்தாளைச் சாதகக் குறிப்புபோல் பயன்படுத்த முனைவோரைப் பற்றிச் சில வார்த்தைகள். பொருத்தம் பார்த்தே பெண்களைத் தள்ளிப் பழகிய நம் கைக்கு இது புதிய ஆயுதமாகிவிடக்கூடாது. செவ்வாய் தோஷம் என்று சொல்லி நேற்றுவரை எத்தனை பெண்கள் மணமின்றி நின்றனர்! நாளை 'மரபணு தோஷம்' என்று சொல்லி அவ்வாறே நிறுத்துவோமாயின், நாம் மூடநம்பிக்கையை விடவில்லை. அதற்கு வெள்ளையங்கி மாட்டியவர்களாவோம். இவ்வேறுபாட்டைச் சாதாரணமாகச் சோதித்துப் பார்க்கவேண்டியதில்லை என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியார் 2013ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டனர். காரணம் எளிது. சோதனையின் விடை எதுவாயினும் செய்யவேண்டியது ஒன்றே. கருத்தரிக்கக்கூடிய வயதிலுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்பதே பொதுவான அறிவுரை. இவ்வேறுபாடு உடையவர்களும் அதே ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உடையவர்களே. ஆகவே, தனிவகை மாத்திரை என்று சொல்லி அதிக விலைக்கு விற்போரிடம் ஏழைகள் ஏமாறவேண்டியதில்லை.

உண்மையை ஒருபக்கமாகச் சொல்வது நம் வழக்கமன்று. ஃபோலிக் அமிலம் எல்லாக் குறையையும் தடுத்துவிடாது. அதை முறையாக உண்டவர்களுக்கும் சில வேளைகளில் குறையுள்ள குழந்தை பிறப்பதுண்டு. அப்போதும் பழி சொல்லத் துணியலாகாது. அன்றியும், பி12 வைட்டமின் குறைந்தவர்கள் ஃபோலிக் அமிலத்தை மிகையாக உண்டால் சோகை தெளிந்ததுபோல் தோன்றும்; உள்ளே நரம்புக்கேடு வளரும். புலால் உண்ணாதாரும் முதியோரும் இதை நினைவில் வைக்கவேண்டும். முன்னர் இக்குறையுள்ள பிள்ளை பெற்றவர்களுக்குப் பொது அளவு போதாது. அவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பெருமளவு மாத்திரை உண்ணவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, இக்குறையோடு பிறந்து நம்மிடையே வாழும் பிள்ளைகளை நாம் மறக்கலாகாது. வராமல் தடுப்பது நன்று என்று சொல்லும் நாம், வந்த பிள்ளை வேண்டாதது என்று சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை பள்ளிக்கூடத்து வாசற்படியைத் தாண்ட முடியாமல் நின்றால், அங்கே குறை படியில் இருக்கிறது, பிள்ளையினிடத்தில் இல்லை.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? ஒருவர் பிறப்போடு கொண்டுவந்ததை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே அதற்கு அவரைக் குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால் அந்தப் பிறப்பு எத்தகைய உணவையும் அறிவையும் கூலியையும் சந்திக்கிறது என்பதை நாம் தேர்ந்தெடுக்கிறோம். ஆகவே அதற்கு நாம் பதில் சொல்லியாகவேண்டும். மாற்ற முடியாததற்குப் பழி சுமத்துவதும், மாற்றக்கூடியதை விதி என்று விட்டுவிடுவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். ஜாதி முறையும் இந்தச் சோம்பலின்மேல்தான் கட்டப்பட்டது. ஒருவனைப் பட்டினி போட்டு, படிப்பை மறுத்து, பின்னர் அவன் மெலிவையும் அறியாமையையும் காட்டி 'பிறப்பே அப்படி' என்றது அது. ஒரு தாயின் விஷயத்திலும் அதே தர்க்கத்தை நாம் வீட்டுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

காரியத்தில் செய்யத்தக்கதையும் சொல்லி முடிப்போம். குருணிலும் பீடோங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் நம் கலியாணங்களுக்குக் குறைவில்லை. பரிசத்தன்று தட்டுத் தட்டாகப் பழமும் பட்டும் பலகாரமும் போகின்றன. அத்தட்டுகளில் ஒன்றில் ஃபோலிக் அமில மாத்திரைக் குப்பி ஒன்றையும் வைக்கலாகாதா? விலையோ பூமாலையின் விலைகூட ஆகாது. திருமணத்திற்கு முன்பே தொடங்கினால்தான் அந்த 28 நாட்களுக்கு அது உதவும். வெட்கப்படத்தக்கது இதில் ஒன்றுமில்லை. குழந்தை வேண்டும் என்பதற்காகத்தானே வாழைமரம் கட்டுகிறோம்? கோயில் கமிட்டியாரும் பள்ளிப் பெற்றோர் சங்கத்தாரும் ஆண்டில் ஒரு நாள் ஒரு தாதியை அழைத்து, பெண்களுக்கும், முக்கியமாக ஆண்களுக்கும், இதை எடுத்துச் சொல்லச் செய்யலாம். வீட்டுப் புறத்தில் ஒரு முருங்கையும் ஒரு பாத்திப் பசலையும் வளர இடமிருந்தால் வளர்க்கலாம். பெண்கள் பிள்ளைகளோடு சேர்ந்து முதற்பந்தியிலேயே உண்ணும் பழக்கத்தை வீட்டு ஆண்கள் தொடங்கிவைக்கலாம்; அதற்குப் பணமே வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு வீட்டில் குறையுள்ள குழந்தை பிறக்கலாம். அந்நாளில் அவ்வீட்டு வாசலுக்குப் போகும் நாம், 'யார் பக்கத்துக் குறை?' என்று கேளாமல், 'அம்மா, நாங்கள் என்ன செய்யவேண்டும்?' என்று கேட்கப் பழகுவோமாக.